ஹால்சியன் என்றால் இறால்

எங்கள் போட்டில் ஹால்சியன் என்றால் இறால். அகராதியைப் பார்த்தால் அலை அடங்கிய கடல், கவலையில்லாத பழைய நாட்கள் என்று என்னென்னவோ போட்டிருக்கும். போட்டுக்கொள்ளட்டும். காசிமேட்டில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு மூக்கில் இறால் வாசனைதான் வரும். எங்கள் போட்டு என்று வாய் கூசாமல் சொல்கிறேனே தவிர, அது அருள்பிரகாசம் முதலாளியுடையது. ஓட்டுகிற டிரைவர் என் புருஷன் தீபன். கரையில் தகர ஷெட்டுக்குள் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்து போட்டோடு பேசுகிறவர் என் நைனா தண்டபாணி. அவர்கள் பேசுகிற வார்த்தைகளைக் கொடுத்தவள் நான், வினிதா.

இதெல்லாம் ஒரு ஆத்திரத்தில் ஆரம்பித்தது. பி.காம் முடித்த கையோடு பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்கு இன்டர்வியூ போனேன். அங்கிருந்த அம்மா நான் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க இங்கிலீஷ்ல தப்பு இல்ல, வொக்காபுலரிதான் கொஞ்சம் ஆர்டினரி" என்று சிரித்தாள். ஆர்டினரியாம், பஸ்ஸைச் சொல்கிற மாதிரி! தண்டையார்பேட்டை வந்து இறங்குகிறவரை எனக்குக் காது எரிந்தது. அன்றைக்கே தினம் ஒரு அபூர்வ வார்த்தை அனுப்புகிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன். பிறகு மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே ஆர்டினரி இங்கிலீஷே தாராளம். ஆனால் வார்த்தைப் பைத்தியம் என்னை விடவில்லை.

எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது கைக்குத்தான் மனப்பாடம் ஆகும். ஒரு வார்த்தை கிடைத்தால் அதைக் கண்ணெதிரே இருக்கிற எதிலாவது கட்டிப்போட வேண்டும். துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நிற்குமே, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தக் கடைசிக் கடல், அதற்கு ஆஃபிங் என்று பெயர். கூடையில் கொட்டின உயிர் இறால் தங்களுக்குள் முணுமுணுப்பது சுசரஸ். எண்ணூர்ப் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்கு ஏற்றியிருப்பார்கள், ஆனால் வானம் இன்னும் இருட்டியிருக்காது, கடலும் வானமும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு குளோமிங். பெயர் தெரிந்த பிறகு அந்த நேரம் முன்னைவிட மெதுவாகப் போவதுபோல எனக்குத் தோன்றும். மாடியில் துணி எடுக்கப் போனவள் துணியை மறந்துவிட்டு நின்றிருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு வார்த்தையை மூன்று சண்டையில் உபயோகித்துவிட்டால் அது நமக்குச் சொந்தம். தீபனும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், எங்களுக்குள் வாடா போடாதான். நைனா முன்னால் மட்டும் எனக்கு மரியாதை வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "நீ ஒரு லாக்கடெய்சிக்கல்" என்று கத்தினேன், எதிலும் அக்கறையில்லாத சோம்பேறி என்று அர்த்தம். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அது இன்னா நோவுமே? ஊசி போட்டா சரியாப்பூடுமா?" என்றான். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

போன வருஷம் சித்திரை வைகாசித் தடைக்காலத்தில்தான் அவனுக்கு யோசனை வந்தது. தடைக்காலம் என்றால் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கமே போட்டுகளைக் கட்டிப்போடச் சொல்கிற காலம். ஆண்கள் பெயிண்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள், மீதி நேரம் வீட்டில் இருந்துகொண்டு உயிரை எடுப்பார்கள். தீபன் கட்டிக் கிடந்த போட்டின் மேல் உட்கார்ந்து வலை தைப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய வார்த்தையைச் சொல்வேன். அவன் அதை வாயில் போட்டு மெல்லுவான். அப்படி ஒரு நாள், "வினி, இத்த வயர்லெஸ்ல பேசினா எவனுக்கும் புரியாதுல்ல?" என்றான்.

வயர்லெஸ்ஸில் ரகசியம் கிடையாது. ஒருவர் பேசினால் சேனலில் இருக்கிற அத்தனை போட்டும் கேட்கும். இறால் கிடைத்த இடத்தை நேராகச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஊரே அங்கே வந்து வலை விடும். அதனால் ஒவ்வொரு போட்டும் ஒரு மறைபேச்சு வைத்திருக்கும். மாமியா வந்துட்டா என்றால் இறால், மச்சான் குடிச்சிட்டான் என்றால் வஞ்சிரம், இப்படி. ஆனால் எல்லார் மாமியாரையும் எல்லாரும் கண்டுபிடித்து வருஷக்கணக்காகிவிட்டது. எங்கள் ஹால்சியன்தான் யாருக்கும் பிடிபடவில்லை. வடக்கு என்பதற்கு ஆஃபிங், கணவாய் மீனுக்கு சுசரஸ். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் போட்டு தூரம் போய்விட்டால் குரல் கரைக்கு எட்டாது. நடுவில் நிற்கிற போட்டு வாங்கி மாற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாற்றிச் சொல்கிறவர் லூர்து அண்ணன். அவர் ஓட்டுவது வேறு முதலாளியின் போட்டு, ஆனாலும் கடலில் அந்த உதவியை யாரும் மறுக்க மாட்டார்கள். அர்த்தம் தெரியாமலே என் வார்த்தைகளை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பார். "அண்ணாத்த, தீபன் சொல்றான், ஆஃபிங்ல ஹால்சியன் சோக்கா கீதாம்" என்று அவர் குரல் இரைச்சலுக்கு நடுவே வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில் யாரோ எப்போதோ சொன்ன வார்த்தை, பழவேற்காட்டுக் கடல் மேலே மிதந்து, ஒரு தகர ஷெட்டுக்குள் வந்து இறங்குகிறது! நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தீபன் கடலுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் நாள்தான் பாத்ரூமில் மருந்துக்கடையில் வாங்கின அட்டையில் இரண்டு கோட்டைப் பார்த்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அவன் கரைக்கு வந்ததும் அவன் காதில் மட்டும் சொல்ல வேண்டும் என்று, ராத்திரியெல்லாம் அவன் முகத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஷெட்டுக்குள் நுழையும்போது கால் தரையில் பட்டதா என்று எனக்குச் சந்தேகம்.

நைனா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "தீபன் சேதி தெரியுமா பாப்பா?" என்றார்.

"இன்னா சேதி?"

"முதலாளியோட இன்னொரு போட்டு விசாகப்பட்டினம் போய்க்கினு கீது. அத்தோட டிரைவருக்கு மஞ்சக்காமாலை, நடுவுல கரையில எறக்கிட்டாங்கோ. மத்தியானம் அது தீபன் நிக்கிற இடத்தத் தாண்டிதான் போவுது. இவன் அதுல மாறிக்கினு அப்டியே போயிட்லாம். நம்ம போட்ட ரெண்டாவது ஆளு ஓட்டிக்கினு வந்துடுவான். அடுத்த தடைக்காலம் வரிக்கும் தீபனுக்கு அங்கதான் தொயிலு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"யோசிச்சி மத்தியானம் சொல்றேன்னுகீறான். போவான்னுதான் தோணுது. போவட்டும் வுடு. வூட்ல மூஞ்சத் தூக்கி வெச்சிகினு குந்திகினு கீறதுக்கு, நாலு ஊரப் பாத்தா மாதிரி இருக்கும்."

அடுத்த தடைக்காலம் என்றால் சித்திரை. அதற்குள் பிள்ளையே பிறக்கிற நேரம் வந்துவிடும். நான் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. இது எனக்கு இரண்டாவது. முதலாவது தை மாசத்தில். அப்போது ஆப்பில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டிருந்தது, கிராவிட். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் என்று அர்த்தம். சினை மீனுக்கும் அதையே சொல்வார்களாம், இங்கிலீஷ்காரன் என்னையும் மீனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டான்! மாடியில், குளோமிங் நேரத்தில், தீபன் காதில் அந்த வார்த்தையைச் சொன்னேன். முதலில் முழித்தான். அர்த்தம் சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினான். மறுநாள் விடிவதற்குள் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு ஏலக்கூடம் பூராவும் கொடுத்துவிட்டு வந்தான். ஐஸ் உடைக்கிறவன், ஆட்டோக்காரன், முன்பின் தெரியாத வியாபாரி, ஒருத்தரை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் மூன்று மாசம் தாண்டாமல் அந்தச் சேதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தாயும் புருஷனும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தாலும் தெரியாததுபோல இருந்துவிட வேண்டும். பங்குனியில் அது கலைந்து போனது. இது யார் செய்ததும் இல்லை, நிறைய பேருக்கு இப்படி ஆகிறது என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது. தீபனுக்கு ஏறவில்லை. தன் வாய்தான் பிள்ளையைக் கொன்றது என்று அவன் நெஞ்சில் ஆணி அடித்துக்கொண்டான். இந்த வருஷத் தடைக்காலம் முழுக்க வலையைத் தைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். பக்கத்தில் போய் வார்த்தை சொன்னால், "வோணாம்மே" என்பான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வரும். ஒரு நாள், "எங்கியாவது போய்த் தொல" என்று கத்தியும் விட்டேன்.

இப்போது நிஜமாகவே போகப் போகிறான். போகாதே என்று சும்மா சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதை அத்தனை போட்டும் கேட்கிற சேனலில் எப்படிச் சொல்வது? இதோ பக்கத்தில் நைனா வேறு சட்னியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மைக்கை எடுத்தேன். "லூர்து அண்ணே, வினிதா பேசறேன். தீபன் கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லணும். கிராவிட். அவ்ளோதான். வேற ஒண்ணும் வோணாம்."

"கிராவிட்" என்று அவர் ஒருமுறை திருத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "இரு தங்கச்சி, குடுத்துட்டு வரேன்."

நைனா மெல்லுவதை நிறுத்தினார். "நம்ம பேச்சுல அப்டி ஒண்ணு கெடையாதே?"

"புதுசு நைனா."

"புதுசா? யாரக் கேட்டு?"

நான் சட்னியை அவர் பக்கம் தள்ளினேன். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து லூர்து அண்ணன் குரல் திரும்ப வந்தது. "சொல்லிட்டேன் தங்கச்சி. ஆனா அவன் ஒண்ணும் பேச மாட்றான். மைக்க அமுக்கறான், வுட்டுர்றான். மூச்சு மட்டும் கேக்குது."

முன்பு அந்த வார்த்தையைச் சொன்னபோது என்ன நடந்தது என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். பயந்து இன்னும் தூரமாக ஓடிவிட்டால்? ஐயோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அதற்குள் சேனல் விழித்துக்கொண்டது. ஒரு வருஷமாக எங்கள் மறைபேச்சைப் பிடிக்க முடியாமல் வயிறெரிந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"டேய், கிராவிட்டாம்டா! இத்தினி நாளா இல்லாதது!"

"பெரிய மீன் கூட்டம் மாட்டிகீது, அதான். டிரைவருக்குப் பேச்சே வரலியே, பாத்தியா?"

"கிராவிட்னு இன்ஜின் ஆயிலு கீதா மாமு?"

"ஆயிலுக்கா பொண்டாட்டி வந்து மைக்க புடிப்பா? உஷாரா இரு. தங்க மீனு இல்லாட்டி கூறல் கத்தாழ, ஒரு மீனே லட்சத்துக்குப் போவும். நான் திருப்பிட்டேன் போட்ட."

"நானும் வந்துகினு கீறேன்!"

அடப்பாவிகளா! ஒவ்வொரு போட்டாக மூக்கைத் திருப்பிக்கொண்டு என் புருஷனை நோக்கிப் போக ஆரம்பித்துவிட்டது. என் வயிற்றில் இருக்கிறதைப் பிடிக்க வலையோடு போகிறார்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. நைனா கோபத்தோடு மைக்கை வாங்கி, "எவனும் வர வோணாம், சொம்மா இருங்கடா" என்று கத்தினார். அவ்வளவுதான், இருந்த சந்தேகமும் எல்லாருக்கும் தீர்ந்துபோனது. இத்தனை கூச்சலில் லூர்து அண்ணன் குரலே அமுங்கிவிட்டது. தீபன் என்ன சொன்னானோ, சொன்னானா இல்லையா என்றே தெரியவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்துப் போட்டு இந்நேரம் அவனுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஒரு தாவு தாவினால் முடிந்தது.

அப்போதுதான் சேனலில் ரஷீது வந்தான். எண்ணூருக்கு நேராகக் கரையை ஒட்டி நிற்கிற ஒரு போட்டில் இன்ஜின் பார்க்கிறவன் அவன். அங்கே போன் டவர் எடுக்கும். "தோஸ்துங்களே, கொஞ்சம் வாய மூடுங்கோ. நான் ஃபோனாண்ட வாயால கேட்டேன், சொல்லிடுச்சி. கிராவிட்னா மீனும் இல்ல, மண்ணும் இல்ல. கிராவிட்னா..."

நின்றுவிட்டான். பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவனுடைய போட்டின் இன்ஜின் தட்தட்டென்று அடிப்பது எங்கள் ஷெட்டுக்குள் கேட்டது. அர்த்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல," என்றான் கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது. "நெட்டு போயிடிச்சி. வுடுங்கோ."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் காசிமேட்டில் ஆம்பளைகள் எதையும் பாதியில் நிறுத்த மாட்டார்கள். யார் வீட்டில் சாவு, யார் போட்டில் தகராறு, யார் யாரோடு ஓடிப்போனார்கள், எல்லாம் அந்தச் சேனலில் முழுசாக வரும். வாய்வரை வந்துவிட்ட ஒரு பொம்பளை சேதியை அப்படியே விழுங்குகிறார்கள் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். எல்லாருக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். பங்குனியில் எங்களுக்கு என்ன ஆனது என்பதும், ஜாங்கிரி தின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

சேனல் அடங்கியது. ஒருவர் பேச்சும் இல்லை. விடியலிலிருந்து ராத்திரிவரை ஓயாமல் கத்துகிற அந்தப் பெட்டியிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது கடலே மூச்சு விடுவதுபோல் இருந்தது. தூரத்தில் எத்தனையோ போட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒருத்தன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருக்கிறான். ஒருத்தன்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. ஒருத்தன்கூட லூர்து அண்ணனிடம் என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இன்னிக்கி இன்னா காத்து அடிக்குது, கண்ணெல்லாம் மண்ணு" என்று தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த அமைதியில்தான் அந்தக் குரல் வந்தது. லூர்து அண்ணன் குரல் இல்லை. யார் மூலமாகவும் வரவில்லை. காற்று நின்ற நாளில், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் இருந்தால், தொலைவுப் பேச்சு சிலசமயம் நேராகவே வந்துவிடும் என்று தீபன் சொல்லியிருக்கிறான். நான் நம்பியதில்லை. ஊசி முனை அளவுக்கு மெலிசாக, விட்டு விட்டு வந்தது.

"வினி... வினி, கேக்குதா?"

சேனலில் யாரும் பொண்டாட்டி பெயரைச் சொல்ல மாட்டார்கள். பட்டனை அழுத்தினால் அவன் குரலை நானே மறித்துவிடுவேனோ என்று பயந்து அழுத்தாமல் இருந்தேன்.

"நான் விசாகப்பட்டினம் போவல. அந்தப் போட்ட அனுப்பிட்டேன். வலைய இஸ்துக்கினு கீறோம், முடிச்சதும் கெளம்பிடுவேன்."

பெட்டி இரைந்தது. போய்விட்டான் என்று நினைத்தேன். மறுபடி வந்தான், இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல. ரஷீது பேசியது எதுவும் அவ்வளவு தூரத்துக்கு எட்டியிருக்காது. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"வினி, நீ பயப்படாத. இந்தத் தபா நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். எங்கம்மா மேல சத்தியமா, ஒருத்தனாண்டயும் மூச்சு வுட மாட்டேன்."

எண்ணூரிலிருந்து பழவேற்காடு தாண்டி, சேனலில் இருந்த அத்தனை போட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் இருமக்கூட இல்லை. நான் அழுதுகொண்டே பட்டனை அழுத்தினேன்.

"சரிப்பா," என்றேன். "யாருக்கும் தெரியாது. நீ வா."